பயனர் கேஸ் கட்டாமல் பரிவர்த்தனை செய்ய எந்த வழி? செயலி உருவாக்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒருவர் தன் வாலட்டில் 50 யுஎஸ்டிசி (ஒவ்வொன்றும் ஒரு டாலர் மதிப்புள்ள டோக்கன்) வைத்திருக்கிறார். அதில் 10-ஐ நண்பருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வாலட்டில் ஈத்தர் துளிகூட இல்லை. எத்தீரியம் பிளாக்செயினில் வழக்கமான முறையில் அவரால் அந்தப் 10-ஐ அனுப்ப முடியாது. கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்தை நெட்வொர்க் அதன் சொந்த நாணயமான ஈத்தரில்தான் கேட்கும்; கையில் இருக்கும் டாலர் டோக்கனை நெட்வொர்க் கட்டணமாக ஏற்காது. பிளாக்செயின் செயலிகளுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் வந்த வழியே திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

கட்டணம் அதிகமாக இருப்பதுதான் சிக்கல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். 2024 மார்ச் 13-ல் எத்தீரியத்தில் டென்குன் மேம்படுத்தல் வந்தபின், அதன் மேல் இயங்கும் லேயர்-2 நெட்வொர்க்குகளில் கட்டணம் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சிறு தொகை சரியான நாணயத்தில், சரியான செயினில், முன்கூட்டியே வாலட்டில் இருந்தாக வேண்டும். ஒரு சென்ட் கட்டணத்துக்காக ஒருவர் எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறந்து, அடையாளச் சான்று கொடுத்து, ஈத்தர் வாங்கி வர வேண்டியிருக்கிறது. கட்டணம் மலிந்துவிட்டதே, இனி இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, பயனர் கட்டாவிட்டால் யார் கட்டுவது? கட்டணம் எங்கும் மறைந்து போவதில்லை. செயலி நடத்துபவர் கட்டுவார், அல்லது பரிவர்த்தனையில் லாபம் பார்க்கும் மூன்றாம் ஆள் கட்டுவார், அல்லது பயனரே வேறு டோக்கனில் கட்டுவார். எந்த வழியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் யார் பையிலிருந்து போகிறது? அந்த ஆள் நாளை நிறுத்திவிட்டால் பயனரின் சொத்து நகருமா? பயனர் போட்ட கையெழுத்து தவறான கைக்குப் போனால் எவ்வளவு இழப்பு? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற இரண்டையும் பொருட்படுத்தாமல் கட்டிய செயலிகள்தான் பயனரைக் கைவிடுகின்றன.

செயினில் ஏற்றவே வேண்டுமா?

மிக மலிவான பரிவர்த்தனை, செய்யாமலே விடும் பரிவர்த்தனைதான். வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்ஷாட் என்ற தளத்தில் டிஏஓ (உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் பிளாக்செயின் அமைப்பு) உறுப்பினர்கள் வாலட்டால் ஒரு செய்தியில் கையெழுத்துப் போடுகிறார்கள். அது ஐபிஎஃப்எஸ் என்ற பரவலான கோப்புச் சேமிப்பில் வைக்கப்படுகிறது. செயினில் எதுவும் எழுதப்படுவதில்லை, கட்டணமும் இல்லை. யார் எப்படி வாக்களித்தார் என்பதை எவரும் சரிபார்க்கலாம். முடிவை நிறைவேற்றுவது மட்டும் தனி வேலை. அதை யாரோ சிலரை நம்பி விடுகிறோம் என்பதை உறுப்பினர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

என்எஃப்டி (தனித்துவமான டிஜிட்டல் சொத்து) சந்தைகளிலும் இதே முறை. விற்பனைக்கு வைப்பது ஒரு கையெழுத்து மட்டும்தான். வாங்குபவர் வரும்போதுதான் செயினில் பரிவர்த்தனை நடக்கிறது. இங்கே ஒரு குழி உண்டு. கையெழுத்துப் போடச் செலவில்லை. போட்டதை ரத்துசெய்ய, பல ஏற்பாடுகளில், செயினில் பரிவர்த்தனை செய்து கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தைத் தவிர்க்கப் பலர் ரத்துசெய்யாமல் என்எஃப்டியை வேறு வாலட்டுக்கு மாற்றினார்கள். பட்டியல் திரையிலிருந்து போய்விட்டது. கையெழுத்து உயிரோடு இருந்தது. என்எஃப்டி பழைய வாலட்டுக்குத் திரும்பி வந்ததும், என்றோ வைத்த பழைய மலிவு விலைக்கு மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் விலைமிக்க பல என்எஃப்டிகள் இப்படிக் கைமாறின.

ஆகவே கையெழுத்து வாங்கும் எந்தச் செயலியிலும் காலாவதி நேரம் குறைவாக இருக்கட்டும். மாதக்கணக்கில் செல்லுபடியாகும் கையெழுத்தை வாங்கி வைப்பது பயனருக்குச் செய்யும் நன்மை அல்ல.

பெர்மிட்: சின்ன வேலைக்குச் சரியான கருவி

எத்தீரியத்தின் பொதுவான டோக்கன் வகையான இஆர்சி-20 டோக்கனை ஒரு கான்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) எடுத்துப் பயன்படுத்த, வழக்கமாக இரண்டு பரிவர்த்தனை தேவை: முதலில் அனுமதி, பிறகு செயல். இஆர்சி-2612 என்ற தரம் அந்த அனுமதியைக் கையெழுத்தாக மாற்றியது; இதுதான் பெர்மிட். பயனர் ஒப்பமிட்ட செய்தியை வேறு யாராவது செயினில் ஏற்றலாம். கேஸ் அவர்கள் கணக்கில் போகும்.

முதலில் சொன்ன 10 யுஎஸ்டிசி ஆளுக்கு இன்னும் பொருத்தமானது இஐபி-3009. இதில் "இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு, இவ்வளவு தொகை, இந்த நேரத்துக்குள்" என்று பயனர் கையெழுத்திடுகிறார். யார் ஏற்றினாலும் பணம் அந்த முகவரிக்குத்தான் போகும், அந்தத் தொகைதான் போகும். யுஎஸ்டிசி இரண்டையும் ஆதரிக்கிறது. 3009-ன் இன்னொரு நல்ல குணம், அதன் நான்ஸ் (ஒரே கையெழுத்தை இருமுறை பயன்படுத்தாமல் தடுக்கும் எண்) வரிசை எண் அல்ல, தற்போக்கான எண். ஒரு கையெழுத்து எங்காவது மாட்டிக்கொண்டால் அடுத்தது காத்திருக்க வேண்டியதில்லை. பெர்மிட்டில் வரிசை எண் என்பதால் ஒன்று சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

குறை என்னவென்றால், டோக்கனே இதை ஆதரிக்க வேண்டும். எத்தீரியத்தில் இன்னொரு டாலர் டோக்கனான யுஎஸ்டிடிக்கு பெர்மிட் கிடையாது. ஈத்தரையே டோக்கனாக்கிய டபிள்யூஈத்துக்கும் கிடையாது, ஆனால் அதன் நிலைமை இன்னும் விபரீதம். தெரியாத ஃபங்ஷனை அழைத்தால் பிழை சொல்லாமல் சத்தமின்றி ஏற்றுக்கொள்ளும்படி அதன் கான்ட்ராக்ட் எழுதப்பட்டிருக்கிறது. பெர்மிட் அழைப்பு பிழையின்றி முடிந்ததால் கையெழுத்து சரிதான் என்று நம்பிய, செயின்களிடையே சொத்து மாற்றும் மல்டிசெயின் பாலத்தின் கான்ட்ராக்ட், 2022 ஜனவரியில் பயனர்கள் ஏற்கெனவே கொடுத்திருந்த அனுமதிகளின் வழியே பணம் இழக்கக் காரணமானது. பெர்மிட்டைப் பயன்படுத்தும்போது பிழை வரவில்லை என்பதோடு நிற்காமல், அனுமதித் தொகை உண்மையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு தொல்லை வரும். உங்கள் பரிவர்த்தனை காத்திருக்கும்போதே யாராவது அந்த பெர்மிட் கையெழுத்தை எடுத்துத் தனியாக முன்னால் ஏற்றிவிடலாம். அனுமதி கிடைத்துவிடும், நான்ஸ் செலவாகிவிடும். பிறகு வரும் உங்கள் பரிவர்த்தனை தோற்கும். பெர்மிட் தோற்றாலும் அனுமதி போதுமான அளவு இருந்தால் மேலே தொடரும்படி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

திருடர்களுக்கும் பெர்மிட் பிடித்த கருவி என்பதை மறைக்கக் கூடாது. "கட்டணம் இல்லை, ஒரு கையெழுத்துதான்" என்ற வாசகத்தால் பயனரின் எச்சரிக்கை தளர்கிறது. போலித் தளம் ஒன்றில் போட்ட ஒரே கையெழுத்தால் மொத்த இருப்பும் போகலாம். தொகை, பெறுபவர், காலாவதி மூன்றையும் உங்கள் திரையிலேயே எளிய சொற்களில் காட்டுங்கள்.

டோக்கன் மாற்றும் செயலிகளுக்கு இதிலிருந்து வளர்ந்த ஒரு வழி உண்டு. கவ் ஸ்வாப்பிலும் 2023-ல் வந்த யூனிஸ்வாப்எக்ஸிலும் பயனர் ஓர் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறார். சால்வர் (யூனிஸ்வாப்எக்ஸில் ஃபில்லர்) எனப்படும் வணிகர்கள் போட்டியிட்டு அதை நிறைவேற்றுகிறார்கள். கேஸ் அவர்கள் பொறுப்பு, அதை விலையிலேயே சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். பரிவர்த்தனை தோற்றால் பயனருக்கு நஷ்டமில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் பெர்மிட் இல்லாத டோக்கனுக்கு முதல் தடவை அனுமதி கொடுக்க ஈத்தர் வேண்டும். இது ஸ்வாப்புக்கான தீர்வு, மற்ற வேலைகளுக்கு அவ்வளவாக உதவாது.

மெட்டா டிரான்சாக்ஷன்: பழைய வழி

பயனர் கையெழுத்திட, ரிலேயர் (பயனருக்காகச் செயினில் ஏற்றிக் கேஸ் கட்டுபவர்) ஒருவர் அதை ஃபார்வர்டர் கான்ட்ராக்டுக்கு அனுப்ப, அது சரிபார்த்து உங்கள் கான்ட்ராக்டை அழைக்கிறது. உண்மையான அனுப்புநரின் 20 பைட் முகவரியை அழைப்புத் தரவின் கடைசியில் ஒட்டி அனுப்புகிறது. இதுதான் இஆர்சி-2771. உங்கள் கான்ட்ராக்ட் இதைப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதாத கான்ட்ராக்டுகளிடம் இது செல்லாது. அவற்றுக்கு ஃபார்வர்டர்தான் அனுப்புநராகத் தெரியும்.

கடைசி 20 பைட்டை நம்புவது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. 2771-ஐயும், பல அழைப்புகளை ஒன்றாக அனுப்பும் மல்டிகாலையும் ஒரே கான்ட்ராக்டில் சேர்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மல்டிகால் உள்ளே பிரித்து அழைக்கும் ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் தாக்குபவர் தனக்கு வேண்டிய முகவரியை ஒட்டலாம். கான்ட்ராக்ட் அவரை அந்த முகவரியின் சொந்தக்காரராகவே எடுத்துக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் நூலகங்களையே திருத்த வேண்டி வந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒரு சொந்த கான்ட்ராக்ட், ஒன்றிரண்டு ஃபங்ஷன்கள் என்றால் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் இஐபி-712 (விவரங்கள் பிரித்துக் காட்டப்படும் செய்தியில் ஒப்பமிடும் தரம்) கையெழுத்தை நேரடியாகச் சரிபார்க்கும் வடிவம் எழுதிவிடுவது எளிது. படித்துச் சோதிப்பதும் எளிது.

4337, 7702: முழுச் செயலியையும் இலவசமாக்க

2023 மார்ச்சில் எத்தீரியத்தில் செயல்பாட்டுக்கு வந்த இஆர்சி-4337, எத்தீரியத்தின் அடிப்படை விதிகளில் கைவைக்காமல் கணக்கையே ஒரு கான்ட்ராக்டாக்குகிறது. பயனர் ஒரு கோரிக்கையில் கையெழுத்திடுகிறார். பண்ட்லர் பல கோரிக்கைகளைச் சேர்த்து, அவற்றைச் சரிபார்த்து நிறைவேற்றும் என்ட்ரிபாயிண்ட் கான்ட்ராக்டுக்கு அனுப்புகிறார். பேமாஸ்டர் என்ற கான்ட்ராக்ட் "இதற்கு நான் கட்டுகிறேன்" என்று ஒப்புக்கொண்டால், அது முன்பே போட்டு வைத்த வைப்புத்தொகையிலிருந்து கேஸ் கழிகிறது. பேமாஸ்டர் இலவசமாகவும் கட்டலாம், பயனரிடமிருந்து யுஎஸ்டிசி எடுத்துக்கொண்டும் கட்டலாம். எந்த கான்ட்ராக்டை அழைத்தாலும் இது செல்லும். 2771-ஐ விட்டுப் பலர் இங்கே வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

விலை உண்டு. சாதாரண ஈத்தர் அனுப்புதலுக்கு 21,000 கேஸ். 4337 வழியே போனால் சரிபார்ப்பும் கணக்குவழக்கும் சேர்ந்து அதுவே சில மடங்கு ஆகும். முதல் தடவை கணக்கைச் செயினில் நிறுவும் செலவும் கூடும். லேயர்-2-ல் இது பொறுக்கக்கூடியது. எத்தீரியம் மெயின்நெட்டில் (முதன்மை நெட்வொர்க்கில்) உங்கள் பட்ஜெட்டை அரித்துவிடும். இன்னொன்று, கணக்கு கான்ட்ராக்டாக இருப்பதால் தனிச்சாவிக் (வாலட்டின் ரகசியச் சாவி) கையெழுத்தை மட்டுமே ஏற்கும் பல டோக்கன்களின் பெர்மிட் அதற்கு வேலை செய்யாது. ஆனால் ஒரே கோரிக்கையில் அனுமதியும் செயலும் சேர்ந்து போகும் என்பதால் பெர்மிட் தேவையும் அநேகமாக வராது.

பெரிய தடை வேறு: பயனர் புது முகவரிக்கு மாற வேண்டும். ஏற்கெனவே வாலட்டும் சொத்தும் வைத்திருப்பவர் ஏன் மாறுவார்? 2025 மே 7-ல் பெக்ட்ரா மேம்படுத்தலோடு வந்த இஐபி-7702 இதற்கு விடை. பழைய முகவரி அப்படியே இருக்கும். அதன் சார்பில் எந்த கான்ட்ராக்டின் நிரலை ஓட்டலாம் என்று பயனர் ஒரு ஒப்படைப்பில் கையெழுத்திடுவார். அந்த ஒப்படைப்பையும் வேறொருவர் செலவில் ஏற்றலாம். பிறகு பேமாஸ்டர், தொகுப்புப் பரிவர்த்தனை எல்லாம் பழைய முகவரிக்கே கிடைக்கும்.

நான் 7702 பக்கம் சாய்வதற்குக் காரணம் இரண்டாவது கேள்வி. உங்கள் நிறுவனம் மூடப்பட்டாலும், பேமாஸ்டர் காலியானாலும், பயனர் தன் தனிச்சாவியால் சாதாரணப் பரிவர்த்தனை அனுப்பலாம். ஈத்தர் கொஞ்சம் தேடிக்கொண்டால் போதும், உங்கள் தயவு தேவையில்லை. 4337 கணக்கிலும் கொள்கையளவில் இந்த வழி உண்டு, ஏனென்றால் என்ட்ரிபாயிண்டை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். ஆனால் அதைத் தானே செய்யத் தெரிந்த சாதாரணப் பயனர் அரிது.

ஆபத்தும் அதே அளவு பெரியது. ஒப்படைப்பு ஒருமுறை பயன்பட்டு முடிந்துபோவதல்ல, மாற்றும்வரை நிலைத்திருக்கும். செயின் எண்ணை 0 என்று போட்டுக் கையெழுத்திட்டால் எல்லாச் செயின்களிலும் செல்லும். 7702 வந்த சில வாரங்களிலேயே, சாவி கசிந்த வாலட்டுகளுக்கு வரும் பணத்தை உடனே உறிஞ்சும் கான்ட்ராக்டுகளுக்கு ஏராளமான ஒப்படைப்புகள் நடந்தன. அதனால்தான் மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகள், தளங்கள் கேட்கும் எந்த கான்ட்ராக்டுக்கும் ஒப்படைக்க விடுவதில்லை. தங்கள் சொந்த கான்ட்ராக்டுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். செயலி எழுதுபவர் செய்ய வேண்டியது, வாலட்டிடம் பல அழைப்புகளை ஒன்றாகக் கேட்கும் தரமான இஐபி-5792 வழியாகத் தொகுப்பு அழைப்பை வாலட்டிடம் கொடுத்து, பேமாஸ்டர் சேவையின் இணைய முகவரியையும் கூடவே தருவது. மிச்சத்தை வாலட் பார்த்துக்கொள்ளும். ஆதரிக்காத வாலட் என்றால் சாதாரண வழிக்குத் திரும்பும்படி எழுதி வையுங்கள்.

கட்டுபவரின் பை காலியாவது எப்படி

இலவசம் என்று பலகை வைத்தால் அதைச் சுரண்ட நிரல் எழுதுபவர்கள் வருவார்கள். பேமாஸ்டர் ஒப்புக்கொண்டபின் உள்ளே இருக்கும் செயல் தோற்றாலும் கேஸ் பேமாஸ்டரிடமிருந்துதான் போகும். வேண்டுமென்றே தோற்கும் அழைப்புகளை அனுப்பி உங்களைக் கரைக்கலாம். முன்னுரிமைக் கட்டணத்தை (சீக்கிரம் சேர்க்கத் தரும் கூடுதல் தொகையை) வானளவு ஏற்றி, பண்ட்லரோடு கூட்டுச் சேர்ந்து அந்தப் பணத்தைத் தன் பக்கம் திருப்பலாம். ஆகவே பேமாஸ்டர் சார்பில் உங்கள் சர்வர் ஒப்பமிடும்போது அழைக்கப்படும் கான்ட்ராக்ட், ஃபங்ஷன், கேஸ் உச்சவரம்பு, கேஸ் விலை அனைத்தையும் சேர்த்து ஒப்பமிட வேண்டும். அனுப்புமுன் ஒருமுறை பாவனையாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முகவரிக்கு ஒரு வரம்பு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முகவரி உருவாக்கச் செலவே இல்லை. ஒருவர் நிமிடத்தில் ஆயிரம் உருவாக்குவார். வரம்பை வேறு எதிலாவது கட்ட வேண்டும்: செயலியில் பதிவுசெய்த கணக்கு, வாலட்டில் ஏற்கெனவே இருக்கும் இருப்பு, அல்லது பயனர் டோக்கனில் தரும் சிறு கட்டணம். கடைசி வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சில செயல்களை நீங்கள் கட்டுங்கள். பிறகு யுஎஸ்டிசியில் வாங்கிக்கொள்ளுங்கள். பயனருக்கு அப்போதும் ஈத்தர் தேவைப்படாது, சுரண்டுபவருக்கு லாபம் இருக்காது.

வேறு செயின்களில்

எந்தச் செயின் என்று இன்னும் முடிவாகாவிட்டால், இந்த வசதி அடித்தளத்திலேயே இருக்கும் இடங்களைப் பாருங்கள். இசட்கேசிங்க் ஈராவில் பேமாஸ்டர் நெட்வொர்க் விதியிலேயே இருக்கிறது. சோலானாவில் பரிவர்த்தனையின் முதல் கையெழுத்தாளர்தான் கட்டணம் கட்டுபவர். அவர் பயனராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துக்கு அடிப்படைக் கட்டணம் 5,000 லாம்போர்ட், அதாவது 0.000005 சோல் (சோலானாவின் நாணயம்). இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெறுபவருக்கு அந்த டோக்கனுக்கான கணக்கு இல்லாவிட்டால் அதைத் திறக்கச் சுமார் 0.002 சோல் வைப்பாகக் கட்ட வேண்டும். கட்டணத்தைப் போல நானூறு மடங்கு. கணக்கை மூடினால் அந்த வைப்பு மூடியவர் சொல்லும் முகவரிக்குப் போகும், கட்டிய உங்களுக்கு அல்ல. திறந்து மூடித் திறந்து மூடியே உங்களை வற்றச் செய்யலாம்.

சோலானாவில் இன்னொரு கவனம். கட்டணம் கட்டுபவரின் கையெழுத்து முழுப் பரிவர்த்தனைக்கும் செல்லும். பயனர் அனுப்பியதைப் படிக்காமல் சர்வர் ஒப்பமிட்டால், உங்கள் கணக்கிலிருந்தே பணம் எடுக்கும் கட்டளையும் உள்ளே இருக்கலாம். ஒவ்வொரு கட்டளையையும் சரிபார்த்தே கையெழுத்திட வேண்டும். ஸ்டெல்லாரில் 2020-ல் வந்த ஃபீ பம்ப் இந்த விஷயத்தில் தெளிவான வடிவம்: பயனர் கையெழுத்திட்ட பரிவர்த்தனையை அப்படியே உள்ளே வைத்து, வெளி உறையில் நீங்கள் கட்டணத்துக்கு மட்டும் கையெழுத்திடுகிறீர்கள். பணம் அனுப்புவது மட்டுமே வேலை என்றால் ஸ்டெல்லாரைக் கட்டாயம் பரிசீலியுங்கள்.

அல்கோராண்டில் ஒரே குழுவாக 16 பரிவர்த்தனைவரை சேர்த்து, ஒன்றே மற்றவற்றின் கட்டணத்தையும் கட்டலாம். ட்ரானில் அதன் நாணயமான டிஆர்எக்ஸை முடக்கி வைத்தால், கான்ட்ராக்டை ஓட்டத் தேவையான எனர்ஜி கிடைக்கும். கான்ட்ராக்ட் உரிமையாளர் பயனரின் பங்கையும் அதிலிருந்து ஏற்கலாம். நானோவில் கட்டணமே இல்லை, ஸ்மார்ட் கான்ட்ராக்டும் இல்லை. கட்டணமில்லாத நெட்வொர்க்கில் குப்பைப் பரிவர்த்தனைகளைத் தடுப்பது எவ்வளவு கடினம் என்பதை 2021 மார்ச்சில் அதன்மேல் நடந்த தாக்குதல் காட்டியது.

எதைத் தேர்வது

யுஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயின் அனுப்புவது மட்டும் என்றால் 3009, இல்லையேல் பெர்மிட்டும் ஒரு சிறு ரிலேயரும். 4337 முழுவதையும் இதற்காக இழுத்து வராதீர்கள். ஸ்வாப் என்றால் சால்வர் வழி. வாக்கெடுப்பு, பட்டியலிடல் போன்றவை குறுகிய காலாவதியுள்ள கையெழுத்தோடு செயினுக்கு வெளியே. விளையாட்டு, சமூகச் செயலி என்று பயனர் நாளுக்குப் பலமுறை செயல்படும் இடம் என்றால் லேயர்-2-ல் பேமாஸ்டர்: வாலட்டோடு வருபவர்களுக்கு 7702, வாலட்டே இல்லாமல் வருபவர்களுக்கு நீங்கள் உருவாக்கித் தரும் 4337 கணக்கு. பின்னதைத் தேர்ந்தால், சாவியைப் பயனர் வெளியே எடுத்துச் செல்லும் வழியை முதல் நாளிலேயே கட்டுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை.

வெளியிடும் முன் பேமாஸ்டரின் வைப்புத்தொகையை பூஜ்யமாக்கி, ரிலேயரையும் நிறுத்திவிட்டு, சோதனை வாலட் ஒன்றில் கொஞ்சம் ஈத்தர் போட்டுச் செயலியை ஓட்டிப் பாருங்கள். பயனரால் தன் பணத்தை வெளியே எடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் இன்னும் வெளியிட வேண்டாம்.